அறுபத்தோரு கிலோ எண்ணூறு கிராம்

ஜூலை 10, புதன்

இந்த நோட்டில் தேதி, நிமிஷம், வேகம் மூன்றை மட்டும் எழுதினால் போதும் என்று நஸ்ரீன் சொல்லியிருக்கிறாள். நஸ்ரீன் என் முட்டிக்கு வைத்தியம் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட். என் பெண்ணைவிட இரண்டு வயது சின்னவள். மிரட்டுவதில் என் மனைவிக்கே அக்கா. மூன்று எண்ணை எழுத இருநூறு பக்க நோட்டு எதற்கு என்று கேட்டேன். கடையில் அதுதான் இருந்ததாம். காகிதத்தை வீணாக்க எனக்கு மனசு வராது. எழுதுகிறேன்.

பெயர் கைலாசம். வயது அறுபத்திரண்டு. திருச்சியில் முத்திரை ஆய்வாளராக இருந்து ரிட்டையர் ஆனவன். கடைக்காரர்களின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிற வேலை. ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கினால் இருபது கிராம் முன்னே பின்னே எடையைச் சொல்லிவிடுவேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் செய்தால் யாருக்கும் வரும்.

மார்ச் மாதம் மாடிப்படியில் வழுக்கி இடது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. படி ஈரமாக இருந்தது. என் மனைவி வசந்தா, படி காய்ந்துதான் இருந்தது, நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன் என்கிறாள். அவள் அப்போது சமையலறையில் இருந்தாள் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். மூன்று மாதம் காலில் பட்டை கட்டிக்கொண்டு கிடந்ததில் முட்டி தேறிவிட்டது, தொடை வற்றிவிட்டது. நஸ்ரீன் டேப் வைத்து அளந்தாள். வலது தொடை நாற்பத்தாறு சென்டிமீட்டர், இடது நாற்பத்தொன்று. ஒரே ஆளின் இரண்டு கால் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள்.

செப்டம்பர் 8 எங்கள் ஒரே பெண் நீரஜாவுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி பெண்ணின் அப்பா நெல் மூட்டை மேல் உட்கார்ந்து பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை எதிரே நின்று தாலி கட்டுவார். அந்த மடி பற்றித்தான் இப்போது வீட்டில் பேச்சு. மூட்டை தாழ்வாக இருக்கும். பாரம் ஏறினால் இடது தொடை நிற்காமல் பக்கவாட்டில் சாய்கிறது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன். நிமிஷம்: 1. வேகம்: 25.

ஏறி நின்றால் காலை அதிர வைத்துத் தசைக்குப் பலம் ஏற்றுகிற மெஷின் வந்துவிட்டது. கிளினிக்கிலிருந்து இரண்டு மாத வாடகைக்கு. பார்ப்பதற்குக் கைப்பிடி வைத்த எடை மெஷின் மாதிரி இருக்கிறது, அதனால் பார்த்தவுடன் பிடித்துப் போயிற்று. எடை மெஷினில் ஆள் அசையாமல் நிற்பான், முள் ஆடும். இதில் எண் அசையாமல் நிற்கிறது, ஆள் ஆடுகிறான்.

சிப்பாய் மாதிரி விறைப்பாக நின்று ஸ்விட்சைப் போட்டேன். உள்ளங்காலில் ஆரம்பித்தது நேராகத் தாடைக்கு வந்தது. பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த என் அப்பா படம் இரண்டாகத் தெரிந்தது. அவரை ஒருவராகச் சமாளிப்பதே கஷ்டம். இறங்கிவிட்டேன்.

நஸ்ரீனிடம் ஃபோனில் புகார் சொன்னேன். முட்டியை மடக்காமல் நின்றால் அப்படித்தானாம். நாற்காலியில் உட்காரப் போய்ப் பாதியில் மனசு மாறின மாதிரி நிற்கணுமாம். "சார், தட்டு செகண்டுக்கு இருபத்தஞ்சு தடவை ஆடுது. ஒவ்வொரு தடவையும் உங்க தசை கொஞ்சம் இழுபடும். இழுபட்ட தசை தானாவே சுருங்கிக்கும். அந்தச் சுருக்கம்தான் எக்சர்சைஸ். முட்டி நேரா இருந்தா தசைக்கு வேலை இல்ல, எலும்பு வழியா மண்டைக்குப் போயிடும்" என்றாள்.

நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. பத்து நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் தடவை. என் கால் பிறந்ததிலிருந்து இவ்வளவு உழைத்ததில்லை.

சாயங்காலம் கீழ்வீட்டு மரியதாஸ் ஏறி வந்து, தொட்டியில் மீன்கள் எல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கி நிற்கின்றன, மேலே என்ன நடக்கிறது என்று விசாரித்தார். மெஷினின் கீழே ரப்பர் பாய் போடுவதாக ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு. நிமிஷம்: 4. வேகம்: 25.

பெங்களூரிலிருந்து அண்ணாவும் மன்னியும் வந்திருந்தார்கள். அண்ணாவுக்கு அறுபத்தெட்டு. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறார். ஓடுவதோடு விட்டால் பரவாயில்லை, ஓடினதைப் பற்றிப் பேசுகிறார்.

அவருடைய பேரன், மூன்று வயது, தானாக வந்து என் மடியில் ஏறினான். பதினான்கு கிலோ இருப்பான். ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவன் சறுக்கிக்கொண்டு தரைக்குப் போய்விட்டான். குழந்தைக்கு அடி ஒன்றும் இல்லை, விளையாட்டு என்று நினைத்து மறுபடி ஏறி மறுபடி சறுக்கினான். அன்று நான் கட்டியிருந்த வேட்டி வழவழ ரகம்.

 மன்னி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அண்ணாதான் வாயைத் திறந்தார். "டேய் கைலாசம், வீம்பு பண்ணாதே. பெரியப்பா மடியில உக்கார வச்சுண்டாலும் சாஸ்திரத்துல இடம் இருக்கு. நானும் மன்னியும் தாரை வார்த்துக் குடுத்துடறோம்" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. நீரஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 15, திங்கள். நிமிஷம்: 8. வேகம்: 28.

வழவழ வேட்டியை வசந்தா தொட்டுப் பார்த்தாள். அது கதராம்.

ஜூலை 20, சனி. நிமிஷம்: 8. வேகம்: 28.

தாங்க வேண்டிய எடை தெரியாமல் பயிற்சி செய்வதில் அர்த்தம் இல்லை. நீரஜாவிடம் எடை கேட்டேன். ஐம்பத்துநாலு என்றாள், கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு. இந்த மாதிரி எத்தனை மளிகைக் கடைக்காரர்களைப் பார்த்திருப்பேன். எடை மெஷினில் ஏறு என்றால் ஆபீஸ் மீட்டிங் இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள், அதனால் எந்த நேரமும் மீட்டிங் இருக்கிறது.

சோதனைக்கு முன்னறிவிப்பு கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். எடை மெஷினைக் குளியலறை வாசலில் மிதியடிக்குக் கீழே வைத்து, எண் தெரிகிற ஓரத்தை மட்டும் திறந்து விட்டேன். பேப்பர் படிப்பவன் போல எதிரே உட்கார்ந்துகொண்டேன். அறுபத்தோரு கிலோ எண்ணூறு கிராம். மிதியடியின் எடையைக் கழித்துதான்.

அவளிடம் சொல்லவில்லை. கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னால் வீட்டில் இருக்க முடியாது.

ஜூலை 27, சனி. நிமிஷம்: 2. வேகம்: 30.

இன்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வீட்டில் சமைக்க வேண்டும் என்று அரிசி வாங்கி வைத்திருந்தோம். இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டு, இட்லி அரிசி பத்து கிலோ. அறுபது. மேலே ஒரு கிலோ எண்ணூறு துவரம்பருப்பு நிறுத்துக் கட்டிக்கொண்டேன். சரியாக நீரஜா. வசந்தா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அதிர்வுத் தட்டின் மேல் ஒரு தலையணையைப் போட்டு நான் உட்கார்ந்துகொள்ள, அவர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக என் மடியில் ஏற்றினார். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரிட்டையர் ஆனவர்களை நிறையப் பார்த்தவர் போலிருக்கிறது.

ஸ்விட்சைப் போட்டேன். பாரமும் அதிர்வும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பாகும் என்பது என் கணக்கு. முதல் நிமிஷம் தாங்கியது. இரண்டாவது நிமிஷத்தில் மேல் மூட்டையின் தையல் விட்டது. அரிசி தட்டில் விழுந்து, தட்டு அதைத் தூக்கி எறிந்து, கூடம் முழுக்கக் குதித்தது. என் இடது கால் சாய்ந்தது. பருப்பு, இட்லி அரிசி, நான் எல்லோரும் ஒரே பக்கம் போனோம். மெஷின் க்றீச் என்று கத்திவிட்டு நின்றுவிட்டது.

வசந்தா வந்தபோது நான் தரையில் அரிசிக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்த அர்ச்சனைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்னா, இன்னும் கல்யாணமே ஆகலையே, அதுக்குள்ள அட்சதையா" என்று கேட்டாள்.

மெஷினைத் திருப்பிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அதிகபட்சத் தாங்குதிறன் 120 கிலோ என்று பக்கவாட்டில் அச்சடித்திருந்தது. நான் எழுபத்தொன்று, மூட்டைகள் அறுபத்தொன்று எண்ணூறு. அந்த வரியைப் படிக்கவில்லை என்று எத்தனை பேருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை அடிக்கடி சறுக்குகிறது.

ஜூலை 28, ஞாயிறு

அரிசி பொறுக்கினோம்.

ஆகஸ்ட் 5, திங்கள். நிமிஷம்: 10. வேகம்: 30.

மெஷினை மெக்கானிக் சரி செய்துவிட்டார். நஸ்ரீன் நேரில் வந்து திட்டினாள். அரிசி விஷயம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. வீட்டில் உளவாளி இருக்கிறார்.

மெஷின் எனக்குப் பதிலாக உடற்பயிற்சி செய்யாது, அது தசையைக் கேள்வி மட்டும்தான் கேட்கும், பதிலைத் தசைதான் சொல்லணும் என்றாள். மேலே ஏறி நின்றுகொண்டு பேப்பர் படிக்கிறேனே, அதுவும் கூடாதாம். ஆடுகிற எழுத்தைப் படிக்க எனக்கு மட்டும் ஆசையா. இனிமேல் பாதி உட்கார்ந்து முப்பது செகண்ட், பிறகு ஓய்வு, மறுபடி முப்பது. ஒற்றைக் காலில் அதிலேயே பத்து செகண்ட். நடுநடுவே தரையில் நாற்காலியைப் போட்டுக் கையை ஊன்றாமல் எழுந்து உட்காரணும். அரை நிமிஷத்தில் எத்தனை முறை என்று எண்ணினாள். ஆறு. என் வயதுக்குப் பன்னிரண்டாவது வேண்டுமாம்.

ஆனால் தொடை நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் ஆகியிருக்கிறது. டேப்பை நானே வாங்கி மறுபடி அளந்தேன். அவள் இறுக்கிப் பிடிக்கவில்லை, தளர்த்தியும் பிடிக்கவில்லை. நேர்மையான அளவு. சாயங்காலம் மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏழு படி ஏறினேன். சந்தோஷத்தில் மரியதாஸ் வீட்டு மணியை அடித்து மீன்களை விசாரித்தேன். பழகிவிட்டனவாம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய். நிமிஷம்: 10. வேகம்: 30.

மூன்று நாளாகக் காலையில் மெஷினைப் போட்டால் வேகம் 35 என்று காட்டுகிறது. நான் 30-ல்தான் நிறுத்துகிறேன். அளவு கருவியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வசந்தாவைச் சந்தேகப்பட்டேன். அவள், அந்தச் சனியன் மேல ஏற எனக்கென்ன பைத்தியமா என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன். நிமிஷம்: 10. வேகம்: 30.

ஐந்தரை மணிக்கு எழுந்து கூடத்துக்கு வந்தேன். நீரஜா. மெஷினின் மேல் கைப்பிடியைத் தொடாமல், தொடை தரைக்குச் சமமாக வருகிற அளவுக்குத் தாழ்ந்து, முதுகு நேராக நிற்கிறாள். நின்றாள் என்று சொல்வதா உட்கார்ந்தாள் என்று சொல்வதா தெரியவில்லை. கீழே நாற்காலி இல்லை, அவ்வளவுதான். நெற்றியில் வியர்வை. பக்கத்தில் ஃபோனில் செகண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று நிமிஷம் தாண்டிவிட்டது. எனக்கு முப்பது செகண்டுக்கே உயிர் போகிறது.

கல்யாணப் பெண்ணுக்கு எதற்கு இதெல்லாம் என்றேன். ஒன்பது கஜம் கட்டினால் குண்டாகத் தெரியுமாம், இடுப்பு இளைக்கணுமாம். இடுப்பு இளைக்க எதற்குத் தொடையைப் போட்டு வதைக்கிறாய் என்று கேட்டேன். "அப்பா, உனக்கு இதெல்லாம் தெரியாது, பேசாம இரு" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வீட்டில் ஒருத்தர் பயிற்சி செய்தால் அவருக்கு ஒரு மதிப்பு இருக்கும். இரண்டு பேர் செய்தால் நன்றாகச் செய்கிறவருக்குத்தான் மதிப்பு.

ஆகஸ்ட் 30, வெள்ளி. நிமிஷம்: 12. வேகம்: 32.

நஸ்ரீன் கடைசியாக அளந்தாள். இடது தொடை நாற்பத்துமூன்றரை. அரை நிமிஷத்தில் பதினொன்று எழுந்து உட்கார்ந்தேன். கைதட்டினாள். நான் தைரியமாக, அறுபத்தோரு கிலோ எண்ணூறு கிராமை மடியில் பத்து நிமிஷம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கைதட்டு நின்றது.

"சார், உங்க பலம் கூடியிருக்கு, நான் பொய் சொல்லல. ஆனா அது ஏழு வாரப் பலம். ரெண்டு நிமிஷம்னா யோசிக்காம சரின்னுடுவேன். பத்து நிமிஷத்துக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது" என்றாள்.

வசந்தாவிடம், எல்லாம் பிரமாதம் என்று நஸ்ரீன் சொன்னதாகச் சொன்னேன். வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனாள். நீரஜா அறைக்குள் யாரிடமோ ஃபோனில் "பத்து நிமிஷம் முழுக்க இல்ல, நஸ்ரீன், எட்டு வரைக்கும் எனக்கு வரது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்கள் இருவரும் சிநேகமாகிவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லதுதான்.

செப்டம்பர் 2, திங்கள். நிமிஷம்: 12. வேகம்: 32.

சாஸ்திரிகள் வந்தார். மடியில் உட்கார்ந்ததிலிருந்து தாலி ஏறுகிற வரை எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரித்தேன். மந்திரம் இருக்கு, பொண்ணு தலையில நுகத்தடி வைக்கணும், ஃபோட்டோகிராபர் வேற இருக்கார், எட்டுலேர்ந்து பன்னிரண்டு நிமிஷம் என்றார். கொஞ்சம் வேகமாகச் சொல்ல முடியுமா என்றேன். மந்திரத்துக்கு வேகம் 25, 30 என்று பட்டன் இல்லை என்றார். வசந்தா இவரிடமும் மெஷினைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 7, சனி

அண்ணா வந்தாயிற்று. பஞ்சகச்சம் இரண்டாகக் கொண்டுவந்திருக்கிறார். ஒன்று எதற்கு என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மண்டபத்தில் மணமகள் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள். எனக்கு இலையை இங்கேயே கொண்டுவருகிறார்களாம். காரணம் பின்னால் வருகிறது.

ஏழு ஐம்பதுக்கு நெல் மூட்டையில் உட்கார்ந்தேன். இடது காலைத் தரையில் அழுத்தி, நஸ்ரீன் சொன்னபடி தொடையை இறுக்கிக்கொண்டேன். அண்ணா எனக்குப் பின்னாலேயே நின்றார், பஞ்சகச்சத்தோடு. நீரஜா கூரைப்புடவையில் வந்தாள். ஒரு செகண்ட் அடையாளம் தெரியவில்லை. மெதுவாக என் மடியில் உட்கார்ந்தாள்.

பாரமே இல்லை. மந்திரம் ஆரம்பித்தது. இடது தொடை கல் மாதிரி நிற்கிறது. ஒரு நிமிஷம், இரண்டு, மூன்று. எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. செகண்டுக்கு முப்பது, நிமிஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறு, எட்டு வாரம். வட்டியும் முதலுமாக வந்துவிட்டது என்று நினைத்து, அண்ணாவைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

நாலாவது நிமிஷம் உள்ளே ஏதோ இடித்தது. முப்பத்திரண்டு வருஷம் சும்மா போகாது. பட்டுப் புடவை, மாலை, நகை எல்லாம் சேர்த்து அறுபத்தாறு கிலோவுக்குக் குறையக் கூடாது. என் மடியில் இருந்தது இருபது கிலோ. இருபதுக்கு மேல் ஒரு கிராம் இல்லை. மீதி நாற்பத்தாறு எங்கே போயிற்று.

அப்போதுதான் அவள் தொடை நடுங்குவது என் தொடையில் தெரிந்தது. புடவைக்குள்ளே இரண்டு காலையும் ஊன்றி, பாதி உட்கார்ந்து, தன் பாரத்தைத் தானே தூக்கிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் கல்யாணச் சிரிப்பு. காதோரம் வியர்வை. எல்லோரும் ஹோமப் புகையால் என்று நினைத்திருப்பார்கள். ஐந்தரை மணிக்கு எழுந்தது இதற்குத்தான். இடுப்பு இளைக்க என்று சொன்னாளே, அதை நானும் நம்பினேனே.

 எனக்குக் கோபம் வந்தது. என் பெண்ணை என் மடியில் வைத்துக்கொள்ள எனக்கு இருந்தது இந்த ஒரு பத்து நிமிஷம், அதிலும் இவள் முக்கால்வாசியைத் தானே வைத்துக்கொண்டாள்.

காதருகே குனிந்து, "நீரு, எடை குறையறது" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "அப்பா, உன் கால்" என்றாள்.

"என் கால் என் சமாச்சாரம். நீ முழுசா உக்காருடி."

இரண்டு மந்திரம் போயிற்று. பிறகு உட்கார்ந்தாள்.

அறுபத்தாறு கிலோ. சரியான எடை. மூச்சு நின்றுவிட்டு வந்தது. இடது தொடை முதலில் ஆடியது, பிறகு வெளிப்பக்கம் கொஞ்சம் போயிற்று, நான் இழுத்தேன், திரும்பி வந்தது. என் தொடை ஆடுகிறதா அவளுடையதா என்று பிரிக்க முடியாத ஆட்டம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நுகத்தடி வைத்தார்கள். ஃபோட்டோகிராபர், "மாமா, கொஞ்சம் சிரிங்கோ" என்றான்; அவனுக்கு இருக்கிறது. கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை குனிந்து கட்டினார். நான் ஒன்றும் பார்க்கவில்லை, அவள் பின்னங்கழுத்தும் தாழம்பூவும்தான் தெரிந்தன. கால் நின்றது. கடைசி வரைக்கும் நின்றது.

அவள் எழுந்த பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணா ஒரு பக்கம், புது மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் இந்த அறையில் போட்டார்கள். அண்ணா என் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தைலம் தேய்த்தார். நெடுநேரம் தேய்த்தார். "நான் ஓடறதெல்லாம் ஒரு ஓட்டமாடா" என்றார். அதற்குப் பிறகு ஓட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

செப்டம்பர் 10, செவ்வாய். நிமிஷம்: 20. வேகம்:

காலை ரயிலில் நீரஜாவும் மாப்பிள்ளையும் புனேவுக்குக் கிளம்பினார்கள். ஸ்டேஷனில் எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து, பெரியது இருபத்துமூன்று கிலோ, தனியாகத் தூக்காதே என்று சொன்னேன். வண்டி நகர்ந்தது. வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு, மெஷினை நாளைதான் எடுத்துப்போகிறார்கள், வீணாக்குவானேன் என்று அதன் மேல் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதி உட்கார்ந்து நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து வசந்தா கூடத்துக்கு வந்தாள். ஏன்னா, உடம்பு இப்படிக் குலுங்கறதே என்றாள்.

மெஷின் என்றேன்.

பக்கத்தில் வந்து என் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். "கரண்ட் போய் அரைமணி ஆறது" என்றாள்.